போகாத ஊருக்கு வழி

(நூலக வார விழாவையொட்டிப் புதுக்கோட்டை மாவட்டம் அன்னவாசலில் ஆற்றிய உரை, அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது)



"அதிகம் பேர் போகாத நாடுகளும் அங்குள்ள மக்களின் பண்பாடும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், "போகாத ஊருக்கு வழி சொல்லப் போகிறீரா?" என்று கேட்டார். ஆமாம், அதையேதான் செய்யப்போகிறேன். வெளிநாட்டுச் சுற்றுலா என்றால் நமக்குச் சிங்கப்பூர், துபாய், வசதி இருந்தால் பாரிஸ், லண்டன். சினிமாவில் பார்த்த இடத்துக்குப் போய், சினிமாவில் நின்ற மாதிரியே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் உலகத்தில் ஏறத்தாழ 200 நாடுகள் இருக்கின்றன. சுற்றுலாக் கம்பெனிகளின் பட்டியலில் வருபவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதி நாடுகளில் மனிதர்கள் எப்படிச் சோறு வடிக்கிறார்கள், தண்ணீரை எப்படிப் பங்கு போடுகிறார்கள், மாட்டை எப்படி நடத்துகிறார்கள், செத்துப்போனவர்களை எப்படி நினைக்கிறார்கள் என்பதெல்லாம் நம் காதுக்கு வருவதே இல்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. அந்த நாடுகளைப் பார்க்கப் பெரிய படிப்போ, வழிகாட்டிப் புத்தகமோ வேண்டியதில்லை. இந்த ஊரில் உங்களுக்கு எது நன்றாகத் தெரியுமோ, கண்மாயோ கழனியோ மாடோ அடுப்போ கொத்து வேலையோ, அந்தத் தெரிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு எந்த நாட்டுக்குள்ளும் நுழையலாம். நுழைந்தவர் பார்த்ததை எழுதி வைக்க வேண்டும். இவ்வளவுதான் என் பேச்சு. மற்றதெல்லாம் எடுத்துக்காட்டு.

நம் பக்கத்து மலையிலிருந்து தொடங்குவோம்

சித்தன்னவாசலுக்குப் போகாதவர் இந்தக் கூட்டத்தில் யாரும் இருக்க முடியாது. பெரும்பாலோர் அறிவர் கோயில் விதானத்தில் தாமரைக் குளத்தைப் பார்த்துவிட்டுப் படகுக் குழாமில் ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிவிடுகிறார்கள். ஏழடிப்பாட்டம் குகை வரை ஏறுபவர் குறைவு. பாறையில் வெட்டிய குழிப்படிகளில் கால்வைத்துப் போனால், உள்ளே துறவிகளுக்கான 17 கல் படுக்கைகள். அவற்றில் பெரியதும் பழையதுமான படுக்கையின் ஓரத்தில் தமிழ்பிராமி எழுத்து. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்.

அந்த எழுத்து என்ன சொல்கிறது? எருமைநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்கு, சிறுபோசில் இளையர் என்பவர் இந்த இருக்கையைச் செய்து கொடுத்தார் என்கிறது. எருமைநாடு என்பது மைசூர்ப் பக்கம் என்பது ஆய்வாளர் கருத்து. ஆக, இந்த வட்டாரத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து, அரசன் போரில் வென்ற கதையைச் சொல்லவில்லை. வெளியூரிலிருந்து வந்த ஒரு துறவியையும், அவருக்குப் படுக்க இடம் செய்து கொடுத்த ஒரு உள்ளூர்க்காரரையும் சொல்கிறது. வந்தவர் எந்த நாடு, எந்த ஊர் என்று கேட்டறிந்து கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வந்தவரின் ஊர்ப்பெயரைக் கேட்டது முதல் மரியாதை. அதை எழுதி வைத்தது இரண்டாவது மரியாதை. அந்த இரண்டும் இல்லாவிட்டால் காவுடி என்றொருவர் இருந்ததே நமக்குத் தெரிந்திருக்காது.

வந்தவர் கதை இது. போனவர் கதையும் இந்த மாவட்டத்தில் உண்டு. விராலிமலை தாண்டினால் கொடும்பாளூர். மூவர் கோயில் இருக்கும் ஊர். மணிக்கிராமம் என்ற வணிகக் குழு அங்கே இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அதே பெயர் கொண்ட குழு கடல் தாண்டியும் தென்படுகிறது. தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்ற இடத்தில் 9ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. அவனிநாரணம் என்று பெயரிட்ட ஒரு குளத்தைத் தோண்டி, அதை மணிக்கிராமத்தாரின் காவலில் விட்டதாக அது சொல்கிறது.

யோசித்துப் பாருங்கள். வியாபாரத்துக்குப் போனவர்கள் மாளிகை கட்டிய செய்தி நமக்கு வரவில்லை. குளம் வெட்டிய செய்திதான் வந்திருக்கிறது. மழையை நம்பிய சீமையில், கண்மாயும் ஊருணியும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. புது இடத்துக்குப் போனால் முதலில் தண்ணீருக்கு வழி பார்ப்போம். அந்தப் பார்வையைக் கையோடு கொண்டுபோகச் சொல்வதற்காகத்தான் இந்தக் கதையைச் சொன்னேன்.

கோட்டையூர்க்காரர் காட்டிய வழி

நவீன காலத்தில் இந்த வேலையைத் தமிழில் முறையாகச் செய்தவர் ஏ.கே. செட்டியார். 1911இல் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் பிறந்தவர். இங்கிருந்து பேருந்து ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடலாம். இளம் வயதில் ரங்கூனில் 'தன வணிகன்' இதழை நடத்தினார். பிறகு டோக்கியோவிலும் நியூயார்க்கிலும் புகைப்படக் கலை படித்தார். 1937இல் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பலில் போகும்போது, காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. அதற்காக ஏறத்தாழ ஒரு லட்சம் மைல் அலைந்தார். உலகத்தின் பல மூலைகளில் யார் யாரோ எடுத்து வைத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940இல் படத்தை வெளியிட்டார். 'உலகம் சுற்றும் தமிழன்' என்பது அவர் எழுதிய புத்தகத்தின் பெயர். அதுவே அவருக்குப் பட்டமாகவும் நின்றுவிட்டது.

அவரிடம் நாம் கற்க வேண்டியவை இரண்டு. முதலாவது, அவர் தன்னைப் பற்றி அதிகம் பேச மாட்டார். இன்றைக்கு நம் பயணக் கட்டுரைகளில் பாதி, விமானம் தாமதமானதையும் பெட்டி தொலைந்ததையும் சொல்வதிலேயே தீர்ந்துவிடுகிறது. போன நாட்டைவிடப் போனவரே பெரிதாகத் தெரிகிறார். செட்டியார் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுவார். மனிதர்களைப் பேசவிட்டுத் தான் ஒதுங்கிக்கொள்வார். சிரிப்பு வரும், ஆனால் அது பிறரைக் கேலி செய்யும் சிரிப்பாக இருக்காது.

இரண்டாவது, அவர் யாரும் போகாத பக்கமும் போனார். 'கரிபியன் கடலும் கயானாவும்' என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்வந்ததையே ஆயுள் சாதனையாகப் பேசிய தலைமுறையில், தென்னமெரிக்காவின் ஒரு மூலையில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே வாழும் மக்களைப் பற்றி எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இங்கே குடகைப் பற்றியும் தனி நூல் எழுதினார். அவருக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. கவனிக்கப்படாத மக்களா என்பதுதான் கணக்கு. 1943இல் தொடங்கிய 'குமரி மலர்' இதழைத் தம் இறுதிக் காலம் வரை நடத்தி, பழைய தமிழர்கள் எழுதிய பயணக் குறிப்புகளையும் தேடி எடுத்து அச்சிட்டார். 1983இல் மறைந்தார்.

கயானா: மதகும் தப்பும்

செட்டியார் எழுதிய கயானாவுக்கே ஒரு நடை போய்வருவோம். தென்னமெரிக்காவில் ஆங்கிலம் ஆட்சிமொழியாக உள்ள ஒரே நாடு. பிரிட்டிஷாரிடமிருந்து 1966இல் விடுதலை பெற்றது. தலைநகரம் ஜார்ஜ்டவுன். வரைபடத்தில் நாடு பெரிதாகத் தெரியும். ஆனால் உள்ளே பெரும்பகுதி காடு. மக்களில் பத்தில் ஒன்பது பேர் கடலோர ஒடுங்கிய நிலத்தில்தான் வாழ்கிறார்கள். அந்த நிலமோ, கடல் ஏற்றத்தில் வரும்போது கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடும்.

நம்மூர்க் கண்மாய்க் கரையில் வளர்ந்தவர் அங்கே போனால் முதலில் எதைப் பார்ப்பார்? மதகைத்தான் பார்ப்பார். அங்கே அதற்குக் 'கோக்கர்' என்று பெயர். டச்சுக்காரர் காலத்துச் சொல். கடற்கரை நெடுக மண் சுவரும் கல் சுவருமாகத் தடுப்பு. இடையிடையே வாய்க்கால்கள் கடலைத் தொடும் இடத்தில் உயரமான சட்டத்தில் தொங்கும் பெரிய கதவு. கடல் வற்றும் நேரத்தில் கதவைத் தூக்கி, ஊருக்குள் தேங்கிய மழைநீரை வெளியே விட வேண்டும். கடல் ஏறத் தொடங்குமுன் இறக்கிவிட வேண்டும். நாம் தண்ணீரை உள்ளே நிறுத்த மதகு வைக்கிறோம். அவர்கள் வெளியே தள்ள மதகு வைக்கிறார்கள். மதகுக்காரர் அசந்துவிட்டால் இங்கே பயிர் காயும், அங்கே ஊர் மூழ்கும்.

அதனால்தான் கிராமத்து வீடுகள் கால்களின் மேல் நிற்கின்றன. மேலே படுக்கையறை, கீழே திறந்த தளம். அங்கே ஒரு ஏணை கட்டியிருக்கும். சமைப்பது, விருந்தாளியோடு பேசுவது, பிள்ளைகள் படிப்பது, கல்யாணம் நடத்துவது எல்லாம் அந்தக் கீழ்த்தளத்தில்தான். நம் திண்ணைக்கு என்னென்ன வேலை இருந்ததோ அத்தனையும் அதற்கு உண்டு. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டைத் தூக்கிக் கட்டினார்கள். அடியில் கிடைத்த நிழலில் ஒரு வாழ்க்கை முறையே உருவாகிவிட்டது.

அந்த மக்கள் யார்? 1838 முதல் 1917 வரை ஏறத்தாழ 2,39,000 பேரை ஒப்பந்தக் கூலிகளாக இந்தியாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் ஏறிய வட இந்தியர்கள். சென்னையில் ஏறியவர்கள் சிறு பகுதிதான். அவர்களை அங்கே மதராசி என்பார்கள். மொழி போய்விட்டது. பெயர்கள் நிற்கின்றன. மேற்கிந்தியத் தீவு அணிக்கு வீராசாமி பெருமாள் என்று ஒரு சுழற்பந்து வீச்சாளர் ஆடினார். நாகமுத்து என்று இன்னொருவர் ஆடினார். மோசஸ் நாகமுத்து என்பவர் 2015 முதல் 2020 வரை அந்த நாட்டின் பிரதமராகவே இருந்தார்.

பெயர்களைவிட உறுதியாக நிற்பது மாரியம்மன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை; கரும்புத் தோட்டத்துக்கு விடுமுறை நாள் அதுதான். வேப்பிலை, மஞ்சள் தண்ணீர், எலுமிச்சம்பழம், கற்பூரம், தலையில் கரகம். பக்கத்தில் மதுரைவீரன், காட்டேரி, முனீஸ்வரன். பூசை தொடங்குமுன் ஓலையையும் சுள்ளியையும் கொளுத்தி, தப்பைத் தீயில் காட்டி, விரலால் தட்டிப் பார்த்து, தோல் விறைத்து ஓசை ஏறிய பிறகே தோளில் மாட்டுகிறார்கள். இந்த ஊரில் தப்படிக்கிறவர் யாராவது அங்கே போய் நின்றால், ஒரு வார்த்தை பேசாமல் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துவிடலாம். பாட்டு தமிழில்தான். ஆனால் பாடுபவருக்கு அர்த்தம் தெரியாது. ஆங்கில எழுத்தில் எழுதி வைத்த நோட்டைப் பார்த்துப் பாடுகிறார். அருள் வந்து ஆடுவதும் உண்டு. ஆடுபவர் ஆப்பிரிக்க வம்சத்தவராகவும் இருக்கலாம்.

இந்த இடத்தில் நம் பயணிகள் வழக்கமாக ஒரு காரியம் செய்வார்கள். "பார்த்தீர்களா, அங்கேயும் நம் மாரியம்மன்!" என்று மார்தட்டிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். தேடிப் போனது நம்மைத்தான் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டாம். வீட்டுக் கண்ணாடியே போதும். கயானாவில் இந்திய வம்சத்தவர் பத்தில் நான்கு பேர். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர் பத்தில் மூன்று பேர். அந்த மண்ணின் பழங்குடிகள் பத்தில் ஒருவர். அடிமை முறை ஒழிந்ததும் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. அதனால்தான் நம் ஆட்களைக் கொண்டுபோனார்கள். கடலுக்குக் கரை போட்டு, சேற்றில் வாய்க்கால் வெட்டியது முதலில் அந்த அடிமைகளின் கைதான். இதைச் சொல்லாமல் மாரியம்மனை மட்டும் சொல்வது பாதிக் கதை.

கயானாவுக்கு வடக்கே கரிபியன் தீவுகளில் குவாதலூப் என்று ஒன்று. இன்றும் பிரான்சின் பகுதி. 1854 தொடங்கி 1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர்களை அங்கே கொண்டுபோனார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்கள் அதில் ஏராளம். இன்றைக்கு அந்தத் தீவின் சிறப்பு உணவு என்று வருகிறவர்களுக்கெல்லாம் பரிமாறுவது 'கொலம்போ'. மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு அரைத்துப் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு. உண்பதில் இடம் கிடைத்துவிட்டது, உரிமையில் கிடைக்கவில்லை. அங்கேயே பிறந்தும் வாக்காளர் பட்டியலில் இந்திய வம்சத்தவரைச் சேர்க்க மறுத்தார்கள். ஹென்றி சிதம்பரம் என்பவர் 1904இல் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டு வழக்காடி, 1923இல் குடியுரிமையை வாங்கிக் கொடுத்தார். கொலம்போவைச் சாப்பிட்டுவிட்டு வருபவர் சுற்றுலாப் பயணி. சிதம்பரம் பெயரையும் கேட்டுக்கொண்டு வருபவர்தான் அந்த ஊரைப் பார்த்தவர்.

திமிலைப் பிடிக்கும் இன்னொரு நாடு

அடுத்து, நம்மவர் அல்லாத ஒரு கூட்டத்தைப் பார்ப்போம். ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கே மடகாஸ்கர் தீவு. அங்குள்ள மக்களின் முன்னோரில் ஒரு பகுதியினர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு போர்னியோப் பக்கத்திலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கடந்து வந்தவர்கள். மொழியும் அந்தப் பக்கத்து உறவுதான். தீவின் நடு மேட்டில் பெத்சிலேயோ என்ற இனத்தார், மலைச்சரிவில் படிப்படியாக வயல் வெட்டி நெல் விளைவிக்கிறவர்கள்.

அன்னவாசல்காரர்களிடம் இதைச் சொல்லாமல் போனால் எனக்குப் பாவம் பிடிக்கும்: அந்தப் பெத்சிலேயோ இளைஞர்கள் மாடு பிடிக்கிறார்கள்! 'சவிக்கா' என்று பெயர். அம்புசித்ரா என்ற ஊர்ப் பக்கம் பெயர் பெற்றது. அவர்கள் மாடும் திமில் உள்ள மாடுதான். அடைப்புக்குள் காளையை விடுகிறார்கள். வெறுங்கையோடு பாய்ந்து திமிலைக் கட்டிக்கொண்டு, எவ்வளவு நேரம் தொங்க முடியும் என்று பார்க்கிறார்கள். ஆயுதம் கிடையாது, மாட்டைக் கொல்வதும் கிடையாது. பிடித்துத் தொங்கியவனுக்கு ஊரில் மரியாதை. பெண் கொடுக்கவும் யோசிக்க மாட்டார்கள்.

ஆண்டுதோறும் தச்சங்குறிச்சியில் முதல் வாடிவாசல் திறக்கும் மாவட்டம் நம்முடையது. 2014இல் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை போட்டபோது எப்படித் துடித்தோம், 2017இல் எப்படித் தெருவுக்கு வந்தோம் என்பது உங்களுக்குத் தெரியும். அப்போது "இது உலகத்தில் எங்கும் இல்லாத விளையாட்டு" என்று மேடைக்கு மேடை பேசினார்கள். பேசியவர்களுக்குப் பெத்சிலேயோ பற்றித் தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் நம் வாதம் இன்னும் வலுத்திருக்கும். திமிலுள்ள மாட்டோடு வாழும் இரண்டு உழவர் கூட்டம், ஒருவரை ஒருவர் பார்க்காமலே, ஆயுதமில்லாமல் திமிலைப் பிடிக்கும் விளையாட்டைக் கண்டுபிடித்திருக்கிறது. இங்கிருந்து ஒரு மாடுபிடி வீரர் அங்கே போய்ப் பார்த்து, மாட்டை எப்படி வளர்க்கிறார்கள், என்ன தீனி, எந்த வயதில் பழக்குகிறார்கள், அடிபட்டால் என்ன மருந்து என்று எழுதினால், அந்தக் கட்டுரைக்கு முன்னால் எந்தப் பேராசிரியர் கட்டுரையும் நிற்காது.

அதே மடகாஸ்கரில் நம்மைத் திடுக்கிட வைக்கும் வழக்கமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, குளிர்காலத்தில், குடும்பக் கல்லறையைத் திறந்து முன்னோர் உடல்களை வெளியே எடுக்கிறார்கள். புதுப் பட்டுத் துணியால் சுற்றுகிறார்கள். வாத்தியம் வாசித்து, தோளில் தூக்கி ஆடி, குடும்பத்துச் செய்திகளையெல்லாம் அவர்களிடம் சொல்லிவிட்டு, மறுபடியும் உள்ளே வைக்கிறார்கள். 'ஃபமதிஹானா' என்று பெயர். அழுகை குறைவு, விருந்தும் ஆட்டமும் அதிகம். படத்தில் பார்த்தாலே நம்மில் பலர் முகம் சுளிப்பார்கள். சுளிப்பதற்கு முன்னால், நாக்கில் வேல் குத்திக்கொண்டு வருபவரையும் பூக்குழியில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் தாயையும் ஒரு மடகாஸ்கர்க்காரர் முதல் தடவை பார்த்தால் என்ன நினைப்பார் என்று யோசியுங்கள். அவருக்கு நாம் என்ன பதில் சொல்வோமோ, அந்தப் பதிலுக்குரிய பொறுமையோடு அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். இறந்தவர் குடும்பத்தை விட்டுப் போவதில்லை என்பது அவர்கள் பதில். படையல் போட்டுக் காத்திருக்கும் நமக்கு அது புரியாத பதிலா?

வேலைக்குப் போனவர்களே நல்ல பயணிகள்

இவ்வளவும் கேட்டுவிட்டு, "ஐயா, மடகாஸ்கர் போகக் காசு யார் தருவார்?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுப்பது தெரிகிறது. நியாயமான கேள்வி. பதில் உங்கள் தெருவிலேயே இருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர், புருணை, சவுதி, ஓமன், குவைத்து என்று ஆள் போகாத தெரு இந்த வட்டாரத்தில் குறைவு. சபுராளி என்று சொல்கிறோம். சுற்றுலாப் பயணி ஒரு வாரம் இருப்பார். சபுராளி பத்து வருடம் இருப்பார். சுற்றுலாப் பயணி ஹோட்டல் வரவேற்பறையைப் பார்ப்பார். வீட்டு வேலைக்குப் போன பெண் அந்த நாட்டு அடுக்களையைப் பார்ப்பாள், நோன்பு மாதத்தில் அந்த வீட்டில் யார் முதலில் எழுந்திருக்கிறார் என்று அறிவாள். பண்பாட்டைப் பார்ப்பது என்றால் வேறு என்ன?

இதற்கு இலக்கியத்திலேயே சான்று உண்டு. யாழ்ப்பாணம் கொக்குவிலில் 1937இல் பிறந்த அ. முத்துலிங்கம், கணக்காளராக வேலைக்குப் போனவர்தான். வேலை நிமித்தமாகச் சியாரா லியோன், சூடான் தொடங்கிப் பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் வரை இருந்தார். அங்கங்கே பழகிய மனிதர்கள் அவருடைய கதைகளில் வருகிறார்கள். தண்ணீருக்காக நெடுந்தூரம் நடக்கும் ஒரு சோமாலியப் பெண்ணை அவர் 'ஒட்டகம்' கதையில் எழுதியிருக்கிறார். கோடையில் குடத்தோடு நடந்த நம் பெண்கள் அந்தக் கதையைப் படித்தால், சோமாலியா எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேட மாட்டார்கள். அவள் கால் வலியை உடனே புரிந்துகொள்வார்கள்.

ஓமனுக்குப் போனவர்கள் இங்கே இருக்கலாம். மஸ்கட்டிலிருந்து உள்நாட்டுக்குள் நிஸ்வா என்ற ஊர். அங்கே மலை அடிவாரத்து நிலத்தடி நீரைச் சரிவான கால்வாய் வழியாகப் பல மைல் கொண்டுவருகிறார்கள். 'ஃபலஜ்' என்று பெயர். பம்பு கிடையாது, மோட்டார் கிடையாது. அப்படிப்பட்ட ஏறத்தாழ 3,000 கால்வாய்கள் ஓமனில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை யுனெஸ்கோ 2006இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. தண்ணீர் ஊருக்குள் வந்ததும் முதலில் குடிப்பதற்கு, அடுத்துப் பள்ளிவாசலில் கை கால் கழுவ, அதன் பிறகே பேரீச்சந் தோப்புக்கு. தோப்புக்காரர்களுக்கு முறை வைத்துப் பாய்ச்சுகிறார்கள். பகலில் நட்டு வைத்த கம்பின் நிழல் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ, அதுவரை ஒருவர் முறை. இரவில் குறிப்பிட்ட நட்சத்திரம் எழும்போது அடுத்தவர் முறை.

கண்மாய்ப் பாசனத்தில் முறைக்காகச் சண்டை போட்டவர்கள், சண்டையைத் தீர்த்து வைத்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தக் கம்பு நிழலைப் பார்த்ததும் உங்களுக்குள் எத்தனை கேள்வி எழும்! மேகம் மறைத்தால் என்ன செய்வார்கள்? முறையை விற்கலாமா? கால்வாய் தூர்ந்தால் யார் காசு போடுவார்? பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஆறு மாதம் கழித்துக் கேட்கும் கேள்வியை நீங்கள் முதல் நாளே கேட்பீர்கள். ஆனால் அங்கே கட்டட வேலைக்குப் போன நம் தம்பி, அந்த வாய்க்காலில் கால் நனைத்துவிட்டு, ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது சம்பளம், சாப்பாடு, வெயில் மூன்றை மட்டும் சொல்கிறார். ஊர் திரும்பினாலும் நாம் கேட்பது, "எவ்வளவு கொண்டுவந்தே?" என்ற ஒரே கேள்விதான். கேட்காத குற்றம் நம்முடையது.

சில நெறிகள்

போகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சில சொல்லிவிடுகிறேன். எந்த ஊருக்குப் போனாலும் சந்தைக்குப் போங்கள், விலை எழுதிக்கொள்ளுங்கள். சோறோ ரொட்டியோ, அது அடுப்பில் ஆகும் விதத்தைக் கூடவே நின்று பாருங்கள். மடகாஸ்கரில் சோறு வடித்த பானையின் அடியில் தீய்ந்த பருக்கையோடு தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்து, சாப்பாட்டோடு அதைச் சூடாகக் குடிக்கிறார்கள். இதை எந்த ஹோட்டலிலும் பட்டியலில் போட மாட்டார்கள். வீட்டுக்குள் போனவருக்குத்தான் தெரியும். கோயிலோ பள்ளியோ கல்லறையோ, படம் எடுக்குமுன் அனுமதி கேளுங்கள். மறுத்தால் கைப்பேசியைப் பைக்குள் போடுங்கள். "எங்கள் ஊரில் இப்படி இல்லையே" என்ற வாக்கியத்தை முதல் வாரம் முழுக்க வாயில் எடுக்காதீர்கள். தமிழர் யாராவது இருக்கிறார்களா என்று தேடுங்கள், தப்பில்லை. அவரைப் பார்த்த பிறகு அவருடைய அண்டை வீட்டுக்காரரையும் பாருங்கள்.

வருகிறவர்களுக்கு நாம் செய்ய வேண்டியதும் உண்டு. சித்தன்னவாசலுக்கு வெளிநாட்டவர் வந்தால் சுற்றி நின்று செல்ஃபி எடுக்கிறோம். அவர் எந்த நாடு, எந்த ஊர், அங்கே என்ன விளையும், மழை எப்போது பெய்யும் என்று ஒருவராவது கேட்கிறோமா? பள்ளிப் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் இந்த நான்கு கேள்வியைக் கேட்டாலே போதும்; போகாத நாடுகள் தாமாகவே அன்னவாசலுக்கு வந்து சேரும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். இந்த நூலகத்தில் ஒரு கெட்டி அட்டை நோட்டு வையுங்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் ஒவ்வொருவரும் அதில் இரண்டு பக்கம் எழுதட்டும். எழுதப் பழக்கமில்லாதவர் சொல்லட்டும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் கேட்டு எழுதட்டும். சம்பளக் கணக்கு வேண்டாம், விமானக் கதை வேண்டாம். அந்த ஊரில் தண்ணீர் எப்படி வருகிறது, கல்யாணம் எப்படி நடக்கிறது, சாவு வீட்டில் என்ன செய்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று எழுதட்டும். கூடவே செட்டியாரின் பயண நூல்களையும், ருமேனியா, செக்கோஸ்லோவாக்கியா பற்றித் தி. ஜானகிராமன் எழுதிய 'கருங்கடலும் கலைக்கடலும்' நூலையும், முத்துலிங்கத்தின் கதைகளையும் வாங்கி அந்த நோட்டுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். பழைய பதிப்புகளைப் பார்க்க விரும்புவோருக்குப் புதுக்கோட்டையில் ஞானாலயா நூலகம் இருக்கிறது. நோட்டு நிறைந்தால் அதைப் புத்தகமாகப் போடும் பொறுப்பை வாசகர் வட்டம் ஏற்க வேண்டும். அதில் முதல் பக்கத்தை எழுதப்போகிறவர் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார். அவர் கலைந்து போகுமுன் நூலகரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகட்டும்.